காற்றடித்தால் படிக்கும் பலகை

சாமிக்கல் தோட்டத்துப் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் வந்த அன்றைக்கு மழை பெய்தது என்று சொன்னால் வட்டவளைப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். அங்கே மழை பெய்யாத நாளைத்தான் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேனிலிருந்து இறங்கிய அதிகாரிகள், கொண்டுவந்த பெட்டியை வைக்க ஒழுகாத இடம் தேடிப் பாடசாலை முழுக்க நடந்தார்கள். கடைசியில் பதினோராம் வகுப்புக்குள் நுழைந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, "ம், இதுதான் சரி" என்றார்கள். அந்தப் பாடசாலையில் ஒழுகாத அறை அது ஒன்றுதான்.

உள்ளே சுகிர்தம் டீச்சர் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகளை விறாந்தையில் நிற்கச் சொன்னார்கள். சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைக் கழற்றி, நாலு பேர் பாடை தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு மழைக்குள் போனார்கள். அதில் பாதிக் கணக்கு இருந்தது. மீதிப் பாதி சுகிர்தத்தின் வாயில் இருந்தது.

சாதாரண தரப் பரீட்சைக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. அந்தப் பாடசாலையில் கணக்கில் கடைசியாகச் சித்தியடைந்த பையனுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கின்றன. நடுவில் அத்தனை வருஷமும் கணக்குக்கு ஆசிரியரே கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் டிக்கோயாவிலிருந்து சுகிர்தம் வந்து சேர்ந்தாள். காலையில் இருட்டோடு கிளம்பி, பஸ் மாறி, தேயிலை மலைக்கூடாக ஏறி, முழங்கால்வரை ஈரமாக வந்து நிற்பாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம், இந்த வகுப்பைக் கணக்கில் தேற்றிவிட வேண்டும் என்று. கணக்கில் தேறாவிட்டால் உயர்தர வகுப்பு கிடையாது. உயர்தரம் இல்லையென்றால் பையன்களுக்குக் கொழும்பில் யாருடைய புடவைக்கடையோ, பெண்பிள்ளைகளுக்கு யாருடைய வீட்டுக் குசினி வேலையோ.

அந்த வகுப்பில் படிக்கிற நிலக்ஷிக்கு அந்தக் குசினி ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. அவளுடைய அம்மா நாகலெட்சுமி, பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற வழியில் ஒருநாள் பாடசாலைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"டீச்சர், கொழும்புல ஒரு வீட்டுக்குப் புள்ளைய கேக்குறாங்க. அவங்கப்பா சரின்னுட்டாரு. பரீட்சை முடியட்டும்னு நாந்தான் மறிச்சு வச்சிருக்கேன். கணக்குல மட்டும் பாஸாயிட்டா, யாரு வந்து கேட்டாலும் நான் அனுப்ப மாட்டேங்க. பெயிலாயிட்டா எனக்கு வாய் ஏது, சொல்லுங்க?"

நிலக்ஷி கெட்டிக்காரிதான். ஒரே ஒரு கோளாறு. வர்க்கமூலம் எடுத்தால் நேர் விடையை எழுதிவிட்டு, மைனஸ் போட்ட மறை விடையை விட்டுவிடுவாள். ஒவ்வொரு முறையும் பாதிக் கணக்கோடு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். சுகிர்தம் கரும்பலகையில் அந்த இடத்தை வட்டம் போட்டுக் காட்டிக்காட்டி, அது புரிந்துவிடும் போலிருந்த வேளையில்தான் கரும்பலகை மழைக்குள் போனது.

திறப்பு விழாவுக்கு வலயக் கல்விப் பணிப்பாளர் வந்தார். பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு பாதையோரம் நனைந்தார்கள். தோட்டத் தலைவர் செல்லசாமி அம்மன் கோயிலிலிருந்து செவ்வந்தி மாலையோடு வந்தார். கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். தோட்டத்துக்குப் புதிதாக எது வந்தாலும், லொறியானாலும் தண்ணீர்த் தாங்கியானாலும், அம்மன் கழுத்திலிருந்து எடுத்த மாலையைப் போட்டால்தான் அது தோட்டத்துச் சாமான் என்பது அங்கே வழக்கம். பணிப்பாளர் மாலையைத் தன் கையாலேயே வாங்கி, படம் எடுக்கிறவன் சரியென்று சொல்லும்வரை திரும்பத் திரும்பப் போர்டின் மேல் விளிம்பில் மாட்டினார். அது ஒரு பக்கமாகச் சரிந்து கண்ணாடிக்குக் குறுக்கே தொங்கியது. பிறகு அவர் பேசினார்.

"மாணவச் செல்வங்களே! நான் இந்த வலயத்தைப் பொறுப்பேற்றபோது நீங்கள் கரும்பலகையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இன்று உலகமே உங்கள் விரல் நுனியில்! கூரை ஒழுகுகிறது என்று உங்கள் அதிபர் பல தடவை எழுதியிருக்கிறார். கூரைக்கு ஒதுக்கீடு இல்லை. எதிர்காலத்துக்குத்தான் ஒதுக்கீடு வந்திருக்கிறது. மலசலகூடத்துக்குக் கதவு இல்லை என்றும் எழுதியிருக்கிறார். கதவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இதை யார் பார்த்திருக்கிறார்கள்? என் பிள்ளைகள் படிக்கிற கண்டிப் பாடசாலையில்கூட இது இல்லை. அங்கே இன்னும் ஆசிரியர்கள்தான் படிப்பிக்கிறார்கள். அதற்காக நான் கவலைப்படவில்லை."

கைதட்டல் ஓய்ந்ததும், வலயத்தின் தகவல் தொழில்நுட்ப இணைப்பாளர் பிரதாப் சட்டதிட்டங்களை வாசித்தார். இளம் பையன், நல்ல சப்பாத்து. கையிலிருந்த டெப்லட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார். அறைக்குள் சப்பாத்தோடு வரக்கூடாது. வெண்கட்டித் தூள் கருவிக்கு ஆகாது, ஆகவே பாடசாலை எல்லைக்குள் வெண்கட்டியே இருக்கக்கூடாது. மற்ற வகுப்புக் கரும்பலகைகளும் நாளைக்குள் கழற்றப்பட வேண்டும். போர்டை இரவு பகல் எந்நேரமும் அணைக்கக்கூடாது. தரவு கொழும்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் பில்லைப் பெற்றோர் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

"இது தொடுதிரை" என்றார் முடிவாக. "கொழும்பிலிருந்து பொறியியலாளர் வந்து முறைப்படி கையளிக்கும்வரை யாரும் தொடக்கூடாது."

"அப்ப கணக்கை எதுல எழுதுறது சேர்?" என்றாள் சுகிர்தம்.

"நீங்க ஏன் எழுதணும் டீச்சர்?" என்றார் பிரதாப், உண்மையிலேயே புரியாமல்.

கதவுக்கும் ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி போட்டார்கள். ஜன்னலில் உடைந்திருந்த கண்ணாடியை மட்டும் மாற்றவில்லை. திருடன் வருவதற்குத்தான் மதிப்பீட்டில் இடம் இருந்தது, காற்று வருவதற்கு இல்லை. வட்டவளைக் காற்று மலையிலிருந்து இறங்கி நேரே அந்த ஓட்டைக்குள் நுழைந்தது. மாலை ஆடியது. கண்ணாடிமேல் செவ்வந்தி பட்ட இடமெல்லாம் விரல் பட்டதாக போர்ட் எடுத்துக்கொண்டது. முதல் நாள் கணக்குப் பாடத்தில் தவளையின் வயிறு திறந்து காட்டப்பட்டது. அடுத்த காற்றுக்கு உலகப் படம் வந்து, ஆஸ்திரேலியா பெரிதாகிப் பெரிதாகித் திரை கொள்ளாமல் போனது. பிறகு சிங்கள அரிச்சுவடி. பிறகு சிவப்பில் ஒரு கிறுக்கல், அதன்மேல் பச்சையில் ஒரு கிறுக்கல். பிள்ளைகள் ஈரக் காலோடு சிமெந்துத் தரையில் நடுங்கிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார்கள்.

"காத்தடிச்சா அது படிக்குது டீச்சர்" என்றாள் நிலக்ஷி.

சுகிர்தம் பாடசாலை அதிபர் அந்தோனிமுத்துவிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர், ஆகவே இந்த வருஷம் எதற்கும் பயந்தார்.

"சேர், அந்த மாலைய கழட்டினாப் போதும். அது சும்மா இருக்கும். நான் பாட்டுக்குப் பாடத்தை நடத்திக்கிருவேன்."

"கழட்டுறது யாரு? போட்டது பணிப்பாளர் டீச்சர். அவர் போட்ட மாலைய நான் கழட்டுறதா? என் பென்சன் ஃபைல் அவர் மேசையில கிடக்கு."

"அப்ப தலைவரைக் கேப்போம்."

செல்லசாமியும் கையை விரித்தார். "அம்மன் கழுத்து மாலைங்க டீச்சர். யாரு போட்டாங்களோ அவங்கதான் எடுக்கணும். நான் எடுத்து, நாளைக்கு மலையில மண்ணு சரிஞ்சிச்சின்னா தோட்டமே என்னையத்தான் சொல்லும்."

வேறு வழியில்லாமல் அந்தோனிமுத்து வலயத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மாலை, காற்று, ஜன்னல் என்று எல்லாவற்றையும் பணிவோடு விளக்கினார். பதில் கடிதமாக வரவில்லை, தொலைபேசியில் வந்தது. பிரதாப்தான். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது அவருக்கு.

"சேர், வாழ்த்துக்கள்! மாகாணத்துலயே உங்க ஸ்கூல்தான் முதலாவது! மத்த ஸ்கூல்ல எல்லாம் போர்டைப் பூட்டி வச்சிருக்கானுங்க. உங்க புள்ளைங்க விடாம தொட்டுக்கிட்டே இருக்காங்க. சனி ஞாயிறு கூட! பௌர்ணமி போயா லீவுலயும்!"

"அது காத்து தம்பி. கடிதத்துல எழுதியிருந்தேனே."

"கடிதம் எல்லாம் யாரு சேர் பாக்குறா? தரவு வந்துக்கிட்டே இருக்கு. ஒண்ணையும் மாத்தாதீங்க. இப்ப எப்படி நடத்துறீங்களோ, அப்படியே நடத்துங்க."

அதிபர் தொலைபேசியை வைத்தார். தொடக்கூடாது என்று சொன்ன ஆளே தொட்டதற்கு வாழ்த்துகிறார் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அதற்குப் பிறகு சுகிர்தம் கள்ளத்தனமாகப் படிப்பிக்கத் தொடங்கினாள். வேறு என்ன பெயர் சொல்வது? ஹட்டனில் வெண்கட்டி வாங்கி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் ரொட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். விறாந்தைச் சிமெந்தில் குந்தி எழுதினாள். பிள்ளைகள் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். சாரல் வந்தால் சமன்பாட்டின் வலப்பக்கம் முதலில் கரைந்தது. தண்ணீர்த் தாங்கியின் பின்சுவரில் எழுதிப் பார்த்தாள். அது பாசி பிடித்த சுவர், எழுத்து நிற்கவில்லை. ஒருத்தி பாதையைப் பார்த்து நிற்க, வேன் சத்தம் கேட்டதும் எல்லோரும் காலால் தேய்த்துவிட்டு அறைக்குள் ஓடி ஆஸ்திரேலியாவைப் பார்த்தார்கள். சுகிர்தத்துக்கு அழுகை வரும். கண்ணைத் துடைத்தால் முகத்தில் வெள்ளை ஒட்டும், அதனால் துடைக்கவும் மாட்டாள்.

யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, பிரதாப் வாசலில் நின்று பிள்ளைகளின் விரல்களைச் சோதித்தார். வெள்ளைத் தூள் இருக்கிறதா என்று நகத்தைத் திருப்பிப் பார்த்தார். முகத்துக்குப் பவுடர் போட்டு வந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் தனியாக நிறுத்தப்பட்டார்கள். அதில் ஒருத்தி பயத்தில் அழ, பவுடர் கரைந்து கன்னத்தில் கோடு விழுந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள், சான்றுக்கு. சுகிர்தத்தின் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்தார்கள். ரொட்டியைத் தூக்கிப் பார்த்ததும் பிரதாப்பின் முகம் வாடியது. நல்லபடியாக வளர்ந்த பிள்ளைக்கு இதைப் பார்க்க நேர்ந்ததே என்கிற வாட்டம்.

"டீச்சர், நீங்களே இப்படிச் செஞ்சா?"

"நான் என்ன கஞ்சாவா கொண்டாந்தேன் சேர்? பரீட்சைக்கு இன்னும் மூணு கிழமை. இந்தப் புள்ளைங்களுக்கு இருபடிச் சமன்பாடு பாதியில நிக்குது."

"எங்க தரவுல அப்படிக் காட்டலையே" என்றார் பிரதாப்.

விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. 'கற்றலுக்கு இடையூறு விளைவிக்கும் வகையில் கற்பித்தமை' என்பது குற்றம். அவள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். டிக்கோயாவுக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்தில் இருந்த அம்மா, "என்னா மகள், வீட்டுல யாருக்கும் சுகமில்லியா?" என்று கேட்கிற அளவுக்கு வாசித்தாள்.

இதற்கிடையில் முன்மாதிரிப் பாடசாலையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கந்தப்பளைப் பக்கமிருந்து ஒரு பஸ் நிறைய ஆசிரியர்கள் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்று போர்டைக் கவனித்தார்கள். மாலை காய்ந்து சருகாகிப் போயிருந்தது. நார் மட்டும் உறுதி, சருகுப் பூவும் அதில் இறுக்கமாகத்தான் இருந்தது. காற்று வந்தது. போர்ட் தானாகவே புவியியலுக்குப் போய், தானாகவே சங்கீதத்துக்குத் திரும்பியது. வந்தவர்களில் ஒரு வாத்தியார் மெதுவாகச் சுகிர்தத்தின் பக்கம் சாய்ந்தார்.

"டீச்சர், அந்த மாலைதானே இதைச் செய்யுது?"

"ஆமா சேர்."

"நான் நெனச்சேன்" என்றார் அவர். பிறகு எல்லோரும் குறித்துக்கொண்டதைத் தானும் குறித்துக்கொண்டார்: சுயகற்றல் மிகச் சிறப்பு.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விருது விழா வைத்தார்கள். பணிப்பாளர் திரும்பவும் வந்தார். பதினோராம் வகுப்பு அறைக்குள்ளேயே விழா. மழைக்கு வேறு இடம் இல்லை. வெறுங்காலோடு பிள்ளைகள் ஒரு பக்கம், சப்பாத்தோடு விருந்தினர்கள் மறுபக்கம். விருந்தினர்களின் சப்பாத்துக்கு விசேட அனுமதி வாங்கியிருந்தார்கள். நாகலெட்சுமியும் இன்னும் சில பெற்றோரும் வாசலில் நின்றார்கள். பணிப்பாளர் போர்டைத் திரும்பிப் பார்க்காமல் அதை நோக்கிக் கை நீட்டினார்.

"ஒரு ஆசிரியர் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படிப்பிக்கிறார்? மழை என்றால் பஸ் வரவில்லை என்கிறார். தேநீர் என்கிறார். பிள்ளை பெற்றால் லீவு என்கிறார். இந்தப் போர்ட் ஒரு நாளாவது லீவு கேட்டதா? தீபாவளி அன்றைக்குக்கூட உங்கள் பிள்ளைகள் இதைத் தொட்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கல்வித் தாகம் இருக்குமென்று, உண்மையைச் சொன்னால், நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் முன்பே ஏதாவது செய்திருப்பேன்."

கைதட்டினார்கள். அவர் ஒரு உறையை எடுத்தார்.

"ஆகவே இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. இந்தப் பாடசாலைக்கு இனிக் கணித ஆசிரியர் தேவையில்லை என்று தரவு சொல்கிறது. சுகிர்தம் ஆசிரியை மேலதிக ஆசிரியராகக் கருதப்பட்டு, இன்றோடு விடுவிக்கப்படுகிறார். அவர் செய்த சிறு தவறையும் நாம் மறந்துவிடுவோம். அவரை வாழ்த்தி அனுப்புவோம்!"

அதற்கும் கைதட்டினார்கள். சிலர் பழக்கத்தில் தட்டினார்கள், பாதியில் நிறுத்தினார்கள். நாகலெட்சுமி தட்டவில்லை. சத்தம் அடங்கியதும் அவளுடைய குரல் வாசலிலிருந்து கேட்டது.

"ஐயா, டீச்சர் போயிட்டா எம்புள்ளைக்கு யாருங்கய்யா கணக்கு சொல்லிக் குடுக்கறது?"

"போர்டும்மா! போர்ட்!" என்றார் பணிப்பாளர் அன்போடு. "எங்கே, ஒரு மாணவி வந்து கணக்குச் செய்து காட்டட்டும்."

நிலக்ஷியை முன்னே தள்ளினார்கள். அவள் போர்டின் முன்னால் நின்றாள். காற்று வந்தது. தவளை வந்தது. அவள் திரும்பிச் சுகிர்தத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலோ கோபமோ ஒன்றுமில்லை. ஒழுகுகிற இடத்துக்குக் கீழே இருந்து பழகிய பிள்ளை பார்க்கிற பார்வைதான். சுகிர்தத்துக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் வரிசையைக் கடந்து போய், செவ்வந்தி மாலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சருகு கொட்டியது. போர்ட் வெள்ளையாகி, அமைதியாக நின்றது.

பிரதாப்பின் டெப்லட் 'டிங்' என்றது.

"சேர்... விழுந்திருச்சு" என்றார் பிரதாப். "பயன்பாடு பூச்சியம்."

"என்ன? படிப்பு நின்றுவிட்டதா?"

"முழுசா நின்னுருச்சு சேர்."

"சேர், படிப்பு நடக்கவே இல்லை" என்றாள் சுகிர்தம். வார்த்தை தடுமாறாமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். "இவ்வளவு நாளும் இந்த மாலைதான் ஆடிக்கிட்டு இருந்துச்சு. உங்களுக்குப் போன தரவெல்லாம் காத்து. புள்ளைங்க ஒருத்தரும் இதைத் தொடலை. தொட விடலை. இப்ப பாருங்க, சும்மா இருக்கு."

பணிப்பாளர் மாலையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், டெப்லட்டைப் பார்த்தார். அவர் மடையர் இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தோனிமுத்து கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆக, மாலை இருந்தபோது மாகாணத்தில் முதலாவது" என்றார் பணிப்பாளர் நிதானமாக. "நீங்கள் கை வைத்ததும் பூச்சியம். இதைத்தானே நீங்கள் நிரூபித்திருக்கிறீர்கள்? பிரதாப், மாலையைத் திரும்பப் போடுங்கள்."

"கூடாதுங்க!" செல்லசாமி பதறிப்போய் முன்னால் வந்தார். "கழட்டுன மாலைய திரும்பப் போடக் கூடாதுங்க ஐயா. அம்மன் குத்தமாயிரும். அது செத்த மாலை."

"அப்படியென்றால் புது மாலை! ஹட்டனுக்கு என் ஜீப்பை அனுப்புங்கள். செவ்வந்தியே வாங்கச் சொல்லுங்கள், அதுதான் இந்தக் கருவிக்குப் பொருந்துகிறது. மற்றப் பாடசாலைகளுக்கும் சுற்றறிக்கை தயாரிக்க வேண்டும்." அவர் சுகிர்தத்தின் பக்கம் திரும்பினார். "ஜீப் வந்து சேர்வதற்குள் நீங்கள் பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்."

பூச்சியம் கொழும்புக்குப் போய்ச் சேருமுன் பிரதாப் ஓடிப்போய் போர்டை அணைத்தார். முதல் முறையாக அது அணைந்தது. விருந்தினர்கள் தேநீருக்கும் ரோல்ஸுக்கும் அதிபரின் அறைக்குப் போனார்கள். செல்லசாமி செத்த மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடையில் விடப் போனார். அறையில் பிள்ளைகளும் சுகிர்தமும் மட்டும் நின்றார்கள். பாதையில் ஜீப் இறங்குகிற சத்தம் கேட்டது.

சுவர் முழுக்க அகலமாக, கறுப்பாக, வெறுமையாக நின்றது அணைந்த போர்ட். சுகிர்தம் அதையே பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, அடியில் துழாவி, கைக்குட்டையில் சுற்றியிருந்த வெண்கட்டியை எடுத்தாள். கண்ணாடியில் இழுத்துப் பார்த்தாள்; வழுக்கியது, பிடிக்கவில்லை. உடைந்த ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மழையில் நனைத்து எழுதினாள். ஈரம் காயக்காய எழுத்து வெள்ளையாக மேலே வந்தது.

"உக்காருங்க" என்றாள். "கொஞ்ச நேரந்தான் இருக்கு. யாரும் பேசக் கூடாது."

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததைப் பாடம் என்று சொன்னால் போதாது. பசித்தவன் சாப்பிடுகிற மாதிரிப் படித்தார்கள். அவள் ஒரு வரி எழுத, பின்வரிசையிலிருந்து அடுத்த வரி வந்தது. தவறாகச் சொன்னவனைப் பக்கத்தில் இருந்தவனே திருத்தினான். பொறுப்பைக் கேட்டுக்கொண்டு அந்தோனிமுத்து வாசலுக்கு வந்தார். கண்ணாடி முழுக்க வெண்கட்டியைக் கண்டதும் அவருடைய கை நெஞ்சுக்குப் போனது. பிறகு கதவை இழுத்துச் சாத்தி, நாகலெட்சுமியோடு வெளியே நின்றுகொண்டார். பென்சனை நினைக்காமல் அவர் செய்த ஒரே காரியம் அந்த வருஷத்தில் அதுதான்.

கடைசிக் கணக்குக்கு சுகிர்தம் வெண்கட்டியை நிலக்ஷியிடம் கொடுத்தாள். எக்ஸ் வர்க்கம் சய ஆறு எக்ஸ் சக ஐந்து சமன் பூச்சியம்: x² − 6x + 5 = 0. நிலக்ஷி மழையில் நனைத்து எழுதினாள். வர்க்கமாக்கினாள். எக்ஸ் சய மூன்றின் வர்க்கம் நான்கு என்கிற வரிவரைக்கும் கை நிற்கவில்லை. வர்க்கமூலம் எடுக்கிற இடத்தில் நின்றது. தூரத்தில், கீழ் வளைவில், ஜீப் ஏறுகிற இரைச்சல்.

"ரெண்டு" என்று எழுதினாள். விடை ஐந்து. கோடு போடக் கையைக் கொண்டுபோனாள்.

சுகிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யார் பக்கத்தில் நின்று சொல்வது? ஜீப் வாசலில் வந்து நின்றது. கதவு அடித்தது. விறாந்தையில் சப்பாத்துச் சத்தம். அந்தோனிமுத்து வழக்கத்துக்கு மாறாக உரத்த குரலில், "கொஞ்சம் பொறுங்க தம்பி, சாவி தேடுறேன்" என்றார்.

நிலக்ஷி கோடு போடவில்லை. தான் எழுதியதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. பிரதாப் வந்தார். ஒரு தோளில் புது மாலை, கையில் டெப்லட். போர்ட் அணைந்திருந்த நேரத்துக்குக் காரணம் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக டெப்லட் விடாது போலிருக்கிறது. நின்ற இடத்திலேயே தட்டெழுதத் தொடங்கினார். அவருக்கு முன்னால் சுவரளவு கண்ணாடி முழுக்க வெள்ளை எழுத்து. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"டீச்சர்!" என்று கத்தினாள் நிலக்ஷி. "மறை ரெண்டும் வரும் டீச்சர்! ரெண்டு விடை இருக்கு!"

"சத்தம் போடாதீங்கம்மா, அறிக்கை எழுதுறேன்ல" என்றார் பிரதாப். பிறகு எழுதுவதை வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டார். "கருவி... அணைக்கப்பட்டிருந்த... இந்நேரத்தில்... கற்றல் எதுவும்... இடம்பெறவில்லை."

நிலக்ஷி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இரண்டாவது விடையை எழுதிவிட்டுத் திரும்பி, பின்வரிசைக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், "ஒண்ணு" என்றாள்.